குமரிக்கு வரும் தம்பதியருக்கு: நாலு ராத்திரி தங்கிப் பாருங்கள்

அன்புள்ள தம்பதியரே,

புதிதாகக் கல்யாணம் முடிந்தவர்கள், பிள்ளைகளை ஆச்சி வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு முதல்தடவையாக இரண்டு பேர் மட்டும் ரயிலேறியவர்கள் என்று உங்களில் பல வகை உண்டு. எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நீங்கள் கன்னியாகுமரிக்கு வருவதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். வந்த காலோடு திரும்பிப் போகிறீர்களே, அதில்தான் மனத்தாங்கல். உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

உங்கள் பயணத் திட்டம் எங்களுக்கு மனப்பாடம். விடிந்ததும் ரயிலிலிருந்து இறங்குவீர்கள். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுப் படகுத் துறையில் வரிசை. விவேகானந்தர் பாறை, அங்கிருந்து கண்ணாடிப் பாலம் வழியே வள்ளுவர், நடுப்பாலத்தில் குனிந்து காலடி அலையைப் படம் எடுத்தல். கரையேறி மதியச் சாப்பாடு. கார் பிடித்து சுசீந்திரம். சூரியன் விழுவதற்குள் ஓடி வர வேண்டும். ராத்திரி கடைத்தெருவில் சங்கு, பாசிமணி. மறுநாள் நாலரை மணிக்கு அலாரம், உதயம், பூரிக் கிழங்கு, போகிற வழியில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அரை மணி நேரம், அப்படியே திருவனந்தபுரம். வீட்டுக்குப் போனதும், 'கன்னியாகுமரி பாத்தாச்சு' என்பீர்கள்.

பார்த்தது சரி. இந்த ஓட்டத்தில் இரண்டு பேரும் எப்போது பேசினீர்கள்? படகுத் துறைக்குப் பக்கத்துப் படியில் ஒருநாள் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு பை, காலடியில் இரண்டு ஜோடிச் செருப்பு, கையில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டு. வீட்டுக்காரர் டிக்கெட் வரிசையில். எதிரே கடல் அவ்வளவு பெரிதாகக் கிடக்கிறது. அம்மாவின் கண் வரிசையை விட்டு நகரவில்லை. ஒருவழியாக டிக்கெட்டோடு வந்த மனிதர், "என்ன இன்னும் உக்காந்திருக்க, படகு போயிரும்" என்றார். மாங்காயில் பாதி அந்தப் படியிலேயே கிடந்தது. அன்றைக்கு அவர்கள் சண்டை ஒன்றும் போடவில்லை. சண்டை போடவும் நேரம் வேண்டுமே.

என் சொந்தத்தில் ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறார்கள். ஸ்பெயினின் தெற்குக் கரையில் மலாகா என்றொரு ஊர். பிக்காசோ 1881இல் பிறந்த ஊர். அங்கே விடுமுறைக்குப் போனவர்கள் ஒரு வாரம் ஒன்றுமே செய்யாமல் கிடந்துவிட்டு வந்தார்கள். காலையில் தாமதமாக எழுவது, துறைமுகத்தை ஒட்டி நடப்பது, அல்கசாபா என்ற பழைய அரபுக் கோட்டையில் ஏறி நிழலில் உட்காருவது, மாலையில் கடற்கரையில் மீன் தின்பது. படம் படமாக அனுப்பினார்கள். மணல் நிரப்பிய பழைய படகில் விறகுத் தீ மூட்டி, மூங்கில் குச்சி மாதிரி ஒன்றில் மீனைக் கோத்துச் சுடுகிறார்கள். அந்த மீன் நம்ம சாளைக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அதற்கு அவ்வளவு புகழ்ச்சி. நாஞ்சில் நாட்டில் சாளையைப் 'பாவப்பட்டவன் மீன்' என்று ஒதுக்குகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை அவள்.

அடுத்த லீவுக்கு ஊருக்கு வந்தவர்கள் கன்னியாகுமரியை அரை நாளில் முடித்தார்கள். ஏன் மக்களே இந்த ஓட்டம் என்று கேட்டால், "இங்க பாக்க வேற என்ன இருக்கு மாமா?" மலாகாவில் மட்டும் என்ன பார்த்தார்கள்? ஒன்றையும் தேடி ஓடவில்லை, அதனால் ஊர் கண்ணில் பட்டது. அந்த நிதானத்தை இங்கேயும் கொண்டு வந்தால் என்ன என்பதுதான் என் கேள்வி.

நீங்கள் நம்பி வருகிற சூரியனையே எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு இரண்டு மழை உண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு. அந்த மாதங்களில் கிழக்கே மேகம் திரண்டு நின்றால் ஆயிரம் பேர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் சூரியன் முகம் காட்டாது. அஸ்தமனமும் அப்படித்தான். கோடையில் சூரியன் வடக்கே ஒதுங்கி இறங்கும்போது கரையும் தென்னையும் குறுக்கே வந்துவிடும். கடல் கொந்தளித்தாலோ உள்வாங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். 2024 டிசம்பர் 30ஆம் தேதி 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறக்கிறவரை, பாறை வரை போய்விட்டு வள்ளுவரைத் தள்ளி நின்று கும்பிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம். ஓர் இரவு மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர், ஒரு மேகத்துக்கும் ஓர் அலைக்கும் முழுப் பயணத்தையும் பந்தயம் கட்டுகிறார். தோற்றால் ஊரைத் திட்டுகிறார். நாலு விடியல் கையில் இருந்தால் ஒன்றாவது வாய்க்காதா? வாய்க்காவிட்டாலும், மூன்றாம் நாள் மழையை லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கிற பக்குவம் வந்திருக்கும்.

இந்த ஊரின் கதையே அவசரத்தில் கெட்டுப்போன ஒரு கல்யாணத்தின் கதைதான். பகவதி அம்மனை மணக்க சுசீந்திரத்திலிருந்து தாணுமாலயன் நடுராத்திரியில் கிளம்பினார். விடிவதற்குள் முகூர்த்தம். குமரி கன்னியாகவே இருந்தால்தான் பாணாசுரனை அழிக்க முடியும் என்று தேவர்களுக்குக் கவலை. வழுக்கம்பாறை வரும்போது நாரதர் சேவலாகக் கூவினார். விடிந்துவிட்டது, நேரம் தவறிவிட்டது என்று மாப்பிள்ளை திரும்பிப் போனார். கொஞ்சம் நின்று, கிழக்கே வெளுத்திருக்கிறதா என்று பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. சமைக்காமல் கிடந்த கல்யாண அரிசிதான் கரையில் மணலாகக் கிடக்கிறது என்பார்கள். கடைத்தெருவில் அந்த மணலைப் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அரிசி மாதிரியே இருக்கும், நீங்களும் வாங்கியிருப்பீர்கள். மூக்குத்தி ஜொலிக்க அம்மன் இன்னும் நிற்கிறாள். அவள் சந்நிதிக்கு வருகிற நீங்கள், வரிசை சீக்கிரம் நகரவில்லை என்று கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்.

என் மனத்தாங்கல் உணர்ச்சி சார்ந்தது மட்டுமல்ல. கணக்கும் இருக்கிறது. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் உள்ளூர்க்காரர்கள் ஊர்வலம் போய், ஓட்டல் வாசலில் உட்கார்ந்திருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்த செய்தியைப் படித்திருப்பீர்கள். வீட்டு வாடகை ஏறியது பெரிய காரணம். ஆனால் அந்த நகரத்தார் கூடுதலாகக் குமுறுவது சொகுசுக் கப்பலில் வந்து இறங்கி, தெருவை அடைத்து, சில மணி நேரத்தில் மறுபடி ஏறிப் போகிறவர்களைப் பற்றி. கூட்டம் அவர்களால், வரவு கொஞ்சம். கப்பல் நிற்கும் முனையங்களை ஏழிலிருந்து ஐந்தாகக் குறைப்பது என்று 2025இல் முடிவே எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அந்தக் கப்பல் ரயிலாகவும் டூரிஸ்ட் பஸ்ஸாகவும் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சபரிமலை சீசனில் முக்கடல் முனைக்கு வந்து பாருங்கள், தெரியும். எல்லோரும் ஒரே ஒரு கிலோமீட்டருக்குள் நெருக்குகிறார்கள். எல்லோர் காசும் அதே இரண்டு தெருவில் விழுகிறது. கூட்டம் அப்படி இருப்பதால் அங்கே அறை வாடகையும் ஏறுகிறது, இட்லி விலையும் ஏறுகிறது, குப்பையும் சேர்கிறது. தோவாளையில் பூக்கட்டுகிறவருக்கும், முட்டத்தில் மீன் விற்கிற அம்மாவுக்கும், மாத்தூர் தொட்டிப்பாலத்தடியில் இளநீர் வெட்டுகிறவருக்கும் உங்களால் ஒரு பைசா போவதில்லை. பார்சிலோனாவில் ஊர்க்காரர்கள் போதும் போதும் என்கிறார்கள். நாங்கள் உங்களைப் போகச் சொல்லவில்லை, இன்னும் இரண்டு நாள் இருங்கள் என்றுதான் கெஞ்சுகிறோம். இப்படிக் கேட்கிற ஊர் உலகத்தில் குறைந்துகொண்டே வருகிறது.

நாலு ராத்திரி என்றால் அதற்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மிச்ச நேரத்தைச் சும்மா விடுங்கள்.

பத்மநாபபுரத்துக்கு அரை மணி நேரம் கொடுக்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையை மட்டும் இன்றுவரை கேரள அரசின் தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது, நன்றாகவே பார்த்துக்கொள்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். வெறுங்காலோடு பைய நடங்கள். சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய கறுப்புத் தரை, உச்சி வெயிலிலும் பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருக்கும். குனிந்தால் உங்கள் இருவர் நிழலும் மங்கலாகத் தெரியும். நுழைந்தவுடன் வருகிற பூமுகத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மச்சில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றுபோல இன்னொன்று கிடையாது. ஒரே மாதிரி இரண்டு பூவை முதலில் கண்டுபிடிப்பவருக்கு மற்றவர் பழம்பொரி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம் வையுங்கள். யாருக்கும் செலவு வராது, ஆனால் ஒரு முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று ஒரே திசையில் பார்த்திருப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்த மூன்று டூரிஸ்ட் குழு அதற்குள் கடந்து போயிருக்கும். போகட்டும்.

அங்கிருந்து கூப்பிடு தூரம் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலெனாய், பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாகி, 1777இல் இங்கேயே கண்மூடினார். கோட்டைக்குள் இடிந்த சிற்றாலயத்தில் அவர் கல்லறை. மேலே லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. மனைவியையும் மகனையும் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். எங்கள் கரைக்கு வந்த வெளியூர்க்காரர்களில் ரொம்ப நாள் தங்கினவர் அவர்தான். உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை.

அவர் கைவண்ணம் வட்டக்கோட்டையிலும் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து ஆட்டோவிலேயே போய்விடலாம். நாலு மணி வெயில் தணிந்ததும் மதில் மேல் ஏறி உட்காருங்கள். ஒரு பக்கம் கடல் வந்து கருங்கல்லில் மோதும். திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை மொத்தமாக நிற்கும். அல்கசாபா படம் அனுப்பிய பெண்ணை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, இத ஸ்கூல் டூர்ல பாத்தது" என்றாள்.

ஒரு காலையைத் தேரூர்க் குளத்துக்குக் கொடுங்கள். கவிமணி பிறந்த ஊர். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. நாரையும் கூழைக்கடாவும் வருகிற காலம் மார்கழி, தை. அப்போது கும்பப்பூ நெல் வயலில் நிற்கும். ஆவணி வாக்கில் வந்தால் கன்னிப்பூ அறுவடை. இதற்கெல்லாம் டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது. சிதறால் மலையில் ஏறி ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்ப்பது, திருவட்டாறில் 22 அடி நீளத்துக்குப் படுத்திருக்கிற ஆதிகேசவனை மூன்று வாசல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரிசிப்பது, இதெல்லாம் உங்கள் பிரியம். விட்டுப்போனாலும் குறையில்லை.

சாப்பாட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. எங்கள் ஊருக்கு வந்து சப்பாத்தி, பன்னீர் பட்டர் மசாலா தேடுகிறவர்களைப் பார்த்தால் நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு வயிறு எரியும். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டுக் கிண்டி, பக்கத்தில் சாளைக் கறி ஊற்றினால், மலாகாக்காரன் படகை விட்டு இறங்கி வருவான். மீன் ஆகாதவர்களுக்கு உள்ளித் தீயல், எரிசேரி, அவியல், ரசவடை. லாட்ஜ் மேனேஜரிடம் கேட்காதீர்கள், ஆட்டோக்காரரிடம் கேளுங்கள், அவர் தான் சாப்பிடுகிற கடைக்குக் கூட்டிப் போவார். பழக்கடையில் மட்டிப் பழம் ஒரு சீப்பு வாங்கி வையுங்கள். விரல் நீளம்தான் இருக்கும்; அறை முழுக்க மணக்கும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம் இது. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது.

கடலைப் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன். தெரியாத கடற்கரையில் இறங்காதீர்கள். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது. எங்கோ தூரத்துப் புயலில் பிறந்து, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுகிற அலையை எங்கள் மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். பார்த்தால் சாதுவாக இருக்கும். 2004 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் பறிகொடுத்தவர்கள் நாங்கள். 2017 நவம்பரில் ஒக்கி புயலின்போது கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவே இல்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம், "அண்ணே, கால் நனைக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். நாளைக்கு வரலாம் என்பவர் சிரித்துக்கொண்டு திரும்புவார். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டியவருக்குத்தான் 'ஒரு முக்கு முக்கிட்டு வந்துருவோம்' என்று தோன்றும்.

எங்கள் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. சீசனில் வாடகையை வாய்க்கு வந்தபடி ஏற்றுகிற விடுதிகள் உண்டு. பஸ் நிற்குமுன் பையைப் பிடித்து இழுக்கிற தரகர்கள் உண்டு. இளம் ஜோடி கைகோத்து நடந்தால் கழுத்து ஒடியத் திரும்பிப் பார்க்கிற பெரிய மனிதர்களுக்கும் பஞ்சமில்லை. ஓர் இரவில் போகிறவர் திரும்பி வந்து கேட்கப் போவதில்லை என்கிற தைரியம்தான் இதில் பாதிக்குக் காரணம். நாலு நாள் தங்குகிறவரை ஏமாற்றுவது கஷ்டம். இரண்டாம் நாளே டீக்கடைக்காரருக்கு உங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துவிடும். மூன்றாம் நாள், "அண்ணாச்சி, அக்காவ எங்க காணோம்?" என்று கேட்பார். அதற்கப்புறம் எந்தத் தரகர் உங்கள் பையைத் தொட்டாலும் அவரே சத்தம் போடுவார்.

ஆகையால் என் வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த தடவை திரும்பிப் போகும் டிக்கெட்டை நாலு இரவு தள்ளிப் போடுங்கள். காசு இடிக்குமே என்பவர்கள் முனையில் தங்க வேண்டாம். நாகர்கோவிலில் தங்கினால் வாடகை குறையும். எந்தத் திசைக்கும் பஸ் உண்டு. அலாரத்தை ஒரே ஒரு விடியலுக்கு வையுங்கள். வரிசையில் நிற்கிற வேலையையும் பை காக்கிற வேலையையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓட்டம் குறைந்தால் இரண்டு வேலைக்கும் அவசியமே குறையும். கிளம்பும் நாளை மட்டும் கொஞ்சம் யோசித்துக் குறியுங்கள்: பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்குகிற மாதிரிப் போட்டால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
நாகர்கோவிலிலிருந்து ஒருவன்